எலிக்கும் வலிக்கும் என்று தெரிந்த பிறகு

“நான் என்ன சோதனை எலியா?” என்று கோபத்தில் கேட்போம். புது மருந்தோ புதுச் சட்டமோ முதலில் நம் தலையில் வந்து விழும்போது தானாக வாயில் வரும் வார்த்தை அது. எலிக்கு நடப்பது நமக்கு நடக்கக் கூடாது என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எலிக்கு மட்டும் ஏன் நடக்கலாம் என்று யாராவது திருப்பிக் கேட்டால், ‘அது எலிதானே’ என்பதைத் தாண்டி நம்மில் பலரிடம் பதில் இருக்காது. அந்தப் பதில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க, எலியை வைத்தே நடந்த ஒரு சோதனையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்தது. இரண்டு எலிகளை இரண்டு வாரம் ஒரே கூண்டில் பழகவிட்டார்கள். அப்புறம் ஒன்றைப் பிடித்து ஒரு குறுகலான பிளாஸ்டிக் குழாயில் அடைத்தார்கள். கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். எப்படித் திறப்பது என்று வெளியே நின்ற எலிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தது, கடித்துப் பார்த்தது, துளை வழியாக உள்ளே இருந்ததைத் தொட்டது. சில நாட்களில் கதவை முட்டித் தள்ளக் கற்றுக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு நாளும் உள்ளே விட்டவுடன் அதற்கு முதல் வேலை அதுதான். குழாய் காலியாக இருந்தாலோ, உள்ளே பொம்மை எலி இருந்தாலோ அது மெனக்கெடவில்லை. அடுத்து, பக்கத்திலேயே சாக்லேட் வைத்த இன்னொரு குழாயையும் வைத்தார்கள். முழுவதையும் தானே தின்றுவிட்டு, பிறகு நிதானமாகக் கூட்டாளியை விடுவித்திருக்கலாம். பெரும்பாலும் எலிகள் இரண்டு கதவையும் திறந்தன. சாக்லேட்டில் ஒரு பங்கை மற்றதற்கு மிச்சமும் வைத்தன. துணை வேண்டும் என்பதற்காகத்தான் திறந்திருக்கும், அதைப் போய் இரக்கம் என்பதா என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. இருக்கட்டும்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1964-ல் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளுக்கு ஒரு சங்கிலியை இழுத்தால் உணவு விழும் என்று பழக்கினார்கள். பிறகு, அதை இழுத்தால் கண்ணெதிரே இருக்கும் இன்னொரு குரங்குக்கு மின் அதிர்ச்சி பாயும்படி செய்தார்கள். பெரும்பாலான குரங்குகள் அந்தச் சங்கிலியைத் தொடாமல், பக்கத்தில் இருந்த குறைவாகக் கிடைக்கும் மற்றொன்றை இழுத்தன. ஒரு குரங்கு 12 நாள் எந்தச் சங்கிலியையும் தொடவில்லை. பட்டினி கிடந்தது.

இந்த இரண்டு சோதனைகளையும் படிக்கும்போது எலியின் நல்ல மனசும் குரங்கின் பெருந்தன்மையும்தான் எல்லோர் கண்ணிலும் படும். எனக்கு அந்தக் கதவுதான் உறுத்தியது. எலியைக் குழாயில் அடைத்ததும், குரங்குக்குக் கம்பி மாட்டியதும் யார்? இன்னொரு உயிர் துடிப்பதைப் பார்த்தும் சங்கிலியை இழுக்குமா என்று அறிய, அந்த அறையில் ஒருவர் சளைக்காமல் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார் அல்லவா?

விலங்குச் சோதனையின் முடிச்சு முழுவதும் இங்கே இருக்கிறது. எலியை வைத்துப் பார்த்தால் மனிதனைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அதன் உடம்பும் நம் உடம்பும் அவ்வளவு நெருக்கம், நரம்பு, ஹார்மோன், வலி பாயும் வழி எல்லாம் ஏறக்குறைய ஒன்று என்பார்கள். சரி, அப்படிப்பட்ட உயிரை இப்படிச் செய்யலாமா என்று கேளுங்கள். அதுவும் நாமும் ஒன்றா, அது விலங்கு என்பார்கள். முதல் கேள்விக்கு அது சொந்தம், இரண்டாம் கேள்விக்கு அந்நியம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் முதல் பதில் எந்த அளவுக்கு உண்மையோ, அந்த அளவுக்கு இரண்டாவது வலுவிழக்கும். நெருங்கிய விலங்கில் செய்தால் அறிவியல் தேறும், அறம் இடிக்கும். தூரத்து விலங்கில் செய்தால் மனசாட்சி உறுத்தாது, முடிவும் அவ்வளவாக உதவாது.

இந்தச் சங்கடமே இல்லாமல் இருந்தவர்களும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் விலங்கை ஒருவகை எந்திரமாக விளக்கினார். அவர் வழிவந்தவர்கள் சிலர், நாயின் அலறல் கடிகாரம் எழுப்பும் சத்தம் மாதிரி என்று சொன்னதாகக் கதை உண்டு. அப்படி நம்பிவிட்டால் கத்தி எடுக்கக் கை நடுங்காது. 1789-ல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜெரமி பெந்தம் கேள்வியையே மாற்றினார்: அதற்குப் பகுத்தறிவு உண்டா, பேச வருமா என்பதெல்லாம் கிடக்கட்டும், துன்பம் தெரியுமா என்று பாருங்கள். ஒரு அடிக்குறிப்பில் எழுதிய வரி அது. இன்று அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கும் அந்த அடிக்குறிப்பு தெரியும்.

19-ஆம் நூற்றாண்டில் சண்டை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கிளோட் பெர்னார் பாரிஸில் வாழ்ந்த உடலியல் மேதை. கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைத்து வெளிவிடுவதைக் கண்டுபிடித்தவர், பரிசோதனை மருத்துவத்துக்கே இலக்கணம் வகுத்தவர். நாய்களையும் முயல்களையும் உயிரோடு அறுத்துத்தான் இதையெல்லாம் கண்டார். அவருடைய ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது மனைவி ஃபேனி கொண்டுவந்த வரதட்சணை. அந்த அம்மாளோ உயிரோடு அறுப்பதை அடியோடு வெறுத்தார். கடைசியில் இருவரும் பிரிந்தார்கள். மகள்கள் அம்மாவோடு போனார்கள். அம்மாவும் மகள்களும் விலங்குவதை எதிர்ப்பில் இறங்கினார்கள். இதில் யார் பக்கம் நிற்பது என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

பெர்னாரின் இன்னொரு ஆய்வு கியூராரே என்ற அம்பு விஷத்தைப் பற்றியது. அது தசையை முடக்கும், உணர்வை முடக்காது என்று காட்டியவர் அவர். கியூராரே போட்ட நாய் கத்தாது, அசையாது. ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். ஆய்வு மேசையில் இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். 1876-ல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டத்தில், கியூராரே மயக்க மருந்தாகக் கணக்கில் வராது என்று தனியாக ஒரு விதி எழுத வேண்டியிருந்தது. விலங்குச் சோதனையைக் கட்டுப்படுத்திய முதல் தேசியச் சட்டம் என்று அதைத்தான் சொல்வார்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தை அதே அளவு கிட்டத்தில் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது நியாயம் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனி, தொற்றுநோய்க்கு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சல்ஃபனிலமைடு மாத்திரையைக் குழந்தைகள் குடிக்கும் திரவமாக மாற்ற நினைத்தது. தூள் எதிலும் கரையவில்லை. டைஎத்திலீன் கிளைக்காலில் கரைந்தது. நிறம், மணம், ருசி எல்லாம் சரிபார்த்து, ராஸ்பெரி வாசனை சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் திரவம் சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். 100 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். ஒரே ஒரு எலிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்கச் சொல்லி அன்று சட்டம் இல்லை. கம்பெனி மீது போட முடிந்த வழக்கு என்ன தெரியுமா? ஆல்கஹாலில் கரைத்த மருந்துக்கு மட்டுமே உரிய ‘எலிக்ஸர்’ என்ற பெயரை வைத்துவிட்டு அதில் ஆல்கஹால் சேர்க்கவில்லை என்ற லேபிள் குற்றம். மறு வருடமே, சந்தைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. விலங்குச் சோதனை ஆராய்ச்சியாளர் விருப்பம் என்ற நிலை மாறி, அரசாங்கத்தின் கட்டளை ஆனது அப்போதிருந்துதான்.

அடுத்து 1947-ல் நூரம்பர்க். கைதிகள்மேல் சோதனை செய்த நாஜி மருத்துவர்கள்மீது நடந்த வழக்கின் தீர்ப்பில், மனிதச் சோதனைக்கான விதிகளை எழுதினார்கள். மனிதர்மேல் செய்வதற்கு முன் விலங்கில் செய்த முடிவு கையில் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆக, விலங்கை முன்னால் நிறுத்தியது ஒரு அறச் சட்டமே. இதே நாஜி அரசு 1933-ல் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டு, உயிரோடு அறுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது என்பதை என்ன சொல்ல! கோடு எங்கே விழும் என்பதை எப்போதும் கோடு போடுபவர்தான் முடிவு செய்கிறார்.

இன்சுலினும் இந்தக் கணக்கில்தான் வரும். 1921-ல் டொராண்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையத்தை அகற்றிச் சர்க்கரை நோய் வரவைத்து, கணையச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். 1922 ஜனவரியில் அது 14 வயதுப் பையன் ஒருவனுக்குப் போனது. அதற்கு முன் அந்த நோய் வந்த குழந்தைக்குப் பட்டினிச் சாப்பாடு போட்டுச் சாவைக் கொஞ்சம் தள்ளிவைப்பதுதான் வைத்தியம். விலங்குச் சோதனையே தப்பு என்பவர், அந்தப் பையனின் அம்மாவிடம் அதைச் சொல்ல முடிய வேண்டும். என்னால் முடியாது.

ஆனால் இதே வரலாற்றிலிருந்து நேர் எதிரான பாடத்தையும் எடுக்கிறார்கள். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற தூக்க மருந்து, அதைக் கர்ப்பிணிகளும் சாப்பிட்டதால், பல நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகளைக் கை கால் குறையோடு பிறக்க வைத்தது. விலங்கில் பாதுகாப்பாக இருந்த மருந்துதானே என்பார்கள் எதிர்ப்பவர்கள். சினை விலங்குகளில் சரியாகச் சோதிக்கவே இல்லை என்பார்கள் ஆதரிப்பவர்கள். அப்புறம் சோதித்தபோது எலிகளில் பெரிதாகத் தெரியவில்லை, சில முயல் வகைகளிலும் குரங்குகளிலும் தெரிந்தது. இரண்டு தரப்புக்கும் தீனி. 2006-ல் லண்டனில் ஒரு புதிய நோயெதிர்ப்பு மருந்தை, குரங்குக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்காகக் குறைத்து ஆறு இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேரும் சுருண்டார்கள். உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்கள். பொதுவாகவே, விலங்குக் கட்டத்தைத் தாண்டி மனிதச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளில் பத்துக்கு ஒன்பது கடைக்கு வருவதில்லை.

ஆக, பயன் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு ‘சில சமயம்’ என்பதுதான் நேர்மையான பதில். பயன் உண்டு என்றாலும், செய்ய உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. அனாதைக் குழந்தைகள்மேல் செய்தால் எலியைவிட நல்ல முடிவு கிடைக்கும். அதை யாரும் யோசிக்கக்கூட மாட்டோம். ஏன்?

மனிதனுக்கு ஆறறிவு, விலங்குக்கு ஐந்தறிவு என்று நாம் சொல்லிப் பழகியது இங்கேதான் கைகொடுக்கும் என்று தோன்றும். தத்துவவாதிகள் இதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். காண்ட், பகுத்தறிவு உள்ள உயிருக்குத்தான் நேரடியாகக் கடமைப்பட்டிருக்கிறோம் என்றார். நாயை வதைப்பது தப்பு, ஏனென்றால் அப்படி வதைப்பவன் நாளை மனிதனையும் வதைப்பான். 1970-களில் இதை உடைத்துக் கேட்டவர்கள் வந்தார்கள். பிறந்த குழந்தைக்கும், மூளை வளர்ச்சி குன்றியவருக்கும், நினைவு முழுக்க அழிந்த முதியவருக்கும் நீங்கள் சொல்லும் பகுத்தறிவு வளர்ந்த சிம்பன்சியைவிடக் குறைவு. அவர்களைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பாத நீங்கள் சிம்பன்சியை அனுப்பினால், அளவுகோல் அறிவு இல்லை, இனம். இதற்கு ‘இனவெறி’ போல ஒரு பெயரை 1970-ல் ரிச்சர்ட் ரைடர் உருவாக்கினார். தமிழில் உயிரினப் பாகுபாடு எனலாம். பீட்டர் சிங்கர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். டாம் ரீகன் ஒரு படி மேலே போய், தன் வாழ்க்கை தனக்கு நன்றாகவோ மோசமாகவோ அமையும் ஒவ்வொரு உயிருக்கும் உரிமை உண்டு, லாப நட்டக் கணக்குக்கே இடமில்லை என்றார்.

எதிர் வாதமும் லேசானது இல்லை. உரிமை என்பது ஒருவருக்கொருவர் நியாயம் கேட்டு, நியாயம் சொல்லி வாழும் கூட்டத்துக்குள் பிறக்கும் விஷயம். தனிக் குழந்தையின் திறமையைப் பார்த்து அதைத் தருவதில்லை, அது அந்தக் கூட்டத்தில் பிறந்ததால் தருகிறோம் என்று 1986-ல் கார்ல் கோஹன் எழுதினார். இதில் எனக்குப் பாதி ஒப்புதல் உண்டு. நம் குழந்தை நமக்கு முதல் என்பது வெறும் வெறி இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட என் குழந்தைக்கு முதலில் சோறு போடலாம் என்பதிலிருந்து, பக்கத்து வீட்டுக் குழந்தையை அறுத்து என் குழந்தையைக் காப்பாற்றலாம் என்று வந்துவிட முடியாது. அதோடு, ஆறாவது அறிவு என்று நாம் பெருமையாகச் சொல்வது நல்லது கெட்டது பிரித்தறிவதைத்தான். அது இருப்பதாகச் சொல்பவர்மேல் பொறுப்புதான் ஏறும். ‘எனக்கு நியாயம் தெரியும், அதனால் நியாயம் பார்க்க மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? எனவே மேன்மை என்ற காரணம் எனக்கு நிற்கவில்லை. மிஞ்சுவது ‘வேறு வழி இல்லை’ என்ற காரணம் ஒன்றுதான். அது தோற்கவும் கூடிய காரணம். ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும்.

நடைமுறையில் உலகம் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள், முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்து, இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறை, அதுவும் இல்லையென்றால் வேதனையைக் குறை என்று சொன்னார்கள். இன்று ஆய்வகங்களின் நெறிமுறைக் குழுக்கள் கேட்பது இந்த மூன்றைத்தான். ஆனால் குழுவில் எலிக்காகப் பேச எலி உட்காருவதில்லை. நட்டம் ஒருவருக்கு, லாபம் ஒருவருக்கு, கணக்கு எழுதுபவர் லாபம் பெறுபவர். அதனால்தான் கணக்கு அன்பு இருக்கும் பக்கமாகச் சாய்கிறது. அமெரிக்காவில் 1965-ல் வீட்டிலிருந்து காணாமல்போன ஒரு நாய் ஆய்வகத்தில் செத்த செய்தி ஊரையே கொதிக்க வைத்தது. மறு வருடம் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பார்வையில், ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கும் எலியும் சுண்டெலியும் இன்றுவரை ‘விலங்கு’ இல்லை. சோதனைக் கூடங்களில் மிக மிகப் பெரும்பாலானவை அவைதான்.

வேதனையைக் குறைப்பது அறிவியலுக்கும் நல்லது என்பதை அந்தச் சுண்டெலிகளே காட்டின. 2014-ல் கனடாவில் வலி ஆராய்ச்சி செய்த ஒரு குழு, ஆண் ஆராய்ச்சியாளர் அறையில் இருக்கும்போது சுண்டெலிகள் வலியைக் குறைவாகக் காட்டுவதைக் கவனித்தது. ஆண் ஒருவர் போட்டுக் கழற்றிய சட்டையை வைத்தாலே போதும், அதே விளைவு. ஆண் வாசனை தரும் பயத்தில் வலி அமுங்கிவிடுகிறது. அதுவரை யார் எந்தச் சட்டையில் நின்று எத்தனை வலி மருந்தை அளந்தார்களோ!

நல்லவர், கெட்டவர் என்று பிரிக்க நினைப்பவர்களுக்காக ஒரு வழக்கு. 1981-ல் அமெரிக்காவின் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் எட்வர்ட் டாப் என்பவரின் ஆய்வகத்தில் போலீஸ் நுழைந்து 17 குரங்குகளை எடுத்துப்போனது. கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்பை வெட்டிய குரங்குகள். மரத்த விரல்களைத் தாங்களே கடித்துக் குதறியிருந்தன, கூண்டுகள் நாறின. படங்கள் வெளிவந்து நாடே அதிர்ந்தது. கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. பிறகு மேல்முறையீட்டில், அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சிக்கு அந்த மாநிலச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பு ரத்தானது. அந்தக் குரங்குகளிடம் அவர் கண்டது இதுதான்: மரத்த கையைக் குரங்கு பயன்படுத்துவதில்லை, ஆனால் நல்ல கையைக் கட்டிவிட்டால் மரத்த கையை எடுக்கிறது. அதிலிருந்து பக்கவாதம் வந்தவர்களின் நல்ல கையைக் கட்டிப் போட்டு முடங்கிய கையைப் பழக்கும் சிகிச்சை பிறந்தது. பல பேர் மறுபடி கரண்டி பிடித்தது அதனால். கூண்டின் நாற்றம் அந்தச் சிகிச்சைக்குத் தேவைப்படவில்லை என்பதும் உண்மை.

மாற்று வழிகளும் வரத்தான் செய்கின்றன. ஊசி மருந்தில் கிருமி நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க முன்பு முயலுக்கு ஏற்றிக் காய்ச்சல் வருகிறதா என்று காத்திருப்பார்கள். பிறகு குதிரைலாட நண்டின் நீல ரத்தம் அந்த வேலையைச் செய்தது. முயல் தப்பியது, நண்டு மாட்டியது. இப்போது அந்த ரத்தத்தில் இருக்கும் புரதத்தையே ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். ஒப்பனைப் பொருளுக்காக முயலின் கண்ணில் ரசாயனம் விடும் சோதனையை வளர்த்த செல்கள் பெருமளவு ஒழித்துவிட்டன. விலங்கில் சோதித்த ஒப்பனைப் பொருட்களை 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம் விற்கவிடுவதில்லை. மருந்து என்றால் கட்டாயம் விலங்குச் சோதனை வேண்டும் என்ற விதியை 2022-ல் அமெரிக்காவே தளர்த்தியது.

ஆனால் கண், தோல், காய்ச்சல் எல்லாம் சுலபமாக மாற்றக்கூடியவை. ஒரு தட்டில் வளர்த்த செல்லுக்குத் தனிமை தெரியாது, பயம் தெரியாது. மனச்சோர்வு மருந்துக்காக 1977-ல் ரோஜர் போர்சோல்ட் விவரித்த சோதனை இன்றும் பல இடங்களில் நடக்கிறது. உயரமான கண்ணாடி உருளையில் தண்ணீர். கால் எட்டாத ஆழம், ஏற முடியாத சுவர். சுண்டெலியை அதில் விடுவார்கள். முதலில் சுவரைப் பிராண்டிச் சுற்றிச் சுற்றி நீந்தும். பிறகு மூக்கு மட்டும் மேலே தெரிய, அசையாமல் மிதக்கும். ஆறு நிமிடத்தில் கடைசி நான்கு நிமிடத்துக்கு, அது எத்தனை வினாடி முயற்சியை விட்டுவிட்டு மிதந்தது என்று கணக்கெடுப்பார்கள். மருந்து கொடுத்த எலி அதிக நேரம் போராடினால் மருந்து நல்ல மருந்து. அந்த எலி உள்ளுக்குள் அனுபவிப்பது நம் மனச்சோர்வைப் போல ஒன்று என்றால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அது அப்படி எதையும் அனுபவிக்கவில்லை என்றால், குறித்துக்கொண்டது வெறும் வினாடிகள். கேமரா எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருக்கும். ஆறாவது நிமிடம் முடிந்ததும் ஒரு கை உள்ளே வந்து அதைத் தூக்கித் துடைக்கும்.